கேசரி வேண்டாம் என்றவர்

போர்க் கிணற்றில் மோட்டாரை இறக்கி, ஸ்விட்சைப் போட்டு, முதல் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்து விழுந்ததும் எங்கள் பக்கத்தில் சூடம் காட்டிக் கேசரி கொடுப்பார்கள். வீட்டுப் பெண்கள் காலையிலேயே ரவையை வறுத்து வைத்துக்கொண்டு தண்ணீருக்காகக் காத்திருப்பார்கள். முதல் கரண்டி மோட்டார் இறக்கிய மெக்கானிக்குக்குத்தான். அது ஒரு மரியாதை. அரிமளம் வட்டாரத்தில் அந்த மரியாதையை வேண்டாம் என்று சொன்ன ஒரே மனிதரைத்தான் நான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

"வேணாங்க. கோவிச்சுக்காதீங்க" என்று இலைத்துண்டின் மேல் உள்ளங்கையைக் கவிழ்த்துவிடுவார். கை நிறைய கிரீஸ் இருக்கும். அதைப் பார்த்த பிறகும் விடமாட்டார்கள். ஒரு வாய், அரை வாய், சாமிக்காக ஒரு விரல் அளவு என்று பின்னாலேயே வருவார்கள். அவர் சிரித்துக்கொண்டே சைக்கிள் டியூப்பையும் ஸ்பானரையும் பையில் போட்டுக் கட்டுவார்.

பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர் வீட்டுக்காரம்மா இதே ஊரில்தான் இருக்கிறார். நான் எழுதப்போவதில் அந்த அம்மாவுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. மனிதர் தவறிப்போய் மூன்று வருடம் முடிந்துவிட்டது. நான் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். பேசிப் பிழைக்கிறவன். பேசக்கூடாத இடத்திலும் பேசிவிடுகிறவன் என்பதை இவரால்தான் தெரிந்துகொண்டேன்.

முதன்முதலில் அவரை என் வீட்டு மோட்டாருக்காகத்தான் கூப்பிட்டேன். வந்து நின்றதுமே, "கப்பாசிட்டர் போயிருச்சுண்ணே, மாத்திருங்க" என்று சொன்னேன். பக்கத்து வீட்டில் அப்படித்தான் ஆயிற்று என்ற ஞானம் எனக்கு.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க சொல்லாதீங்க தம்பி. அது சொல்லட்டும்."

இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார். ஒரு ஒயரைக் கழற்றுவார், போட்டுப் பார்ப்பார், திரும்ப மாட்டுவார், அடுத்த ஒயர். எனக்குப் பொறுமை போய்விட்டது. கடைசியில் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே எறும்பு கூடு கட்டி, இரண்டு தகடுகளையும் ஒட்டவிடாமல் அடைத்துக்கொண்டிருந்தது. ஊதித் தள்ளினார், துணியால் துடைத்தார், மோட்டார் ஓடியது. "நீங்க சொன்னதைக் கேட்டிருந்தா புதுக் கப்பாசிட்டரு வாங்கிருப்பீங்க, எறும்பு அங்கனயேதான் இருந்திருக்கும்" என்றார். அதில் கேலி எதுவும் இல்லை. அவருக்குக் கேலி செய்யத் தெரியாது.

"அது சொல்லட்டும்" என்பதுதான் அவர் எப்போதும் சொல்கிற வார்த்தை. யார் சொன்னாலும் கேட்கமாட்டார். கரண்ட் இல்லை என்று நாம் சொன்னால்கூட டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கையை வைப்பார். எனக்கு வாடிக்கையாளராகச் சேர்ந்த அன்றும் பாலிசித் தாள் முழுவதையும் என்னைப் படிக்க வைத்தார். அவருக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத்தான் தெரியும். ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொல்லச் சொன்னார். அந்தத் தாளை முழுதாகப் படித்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்! மூன்று டீ ஆயிற்று. அவர் மூன்றையும் குடித்தார், பக்கத்தில் வைத்த பிஸ்கட்டைத் தொடவில்லை.

வயிறுதான் காரணம். இன்ன நேரம் என்று கிடையாது. திடீரென்று உப்பிக்கொள்ளும், முகம் வெளிறிவிடும், கொல்லைப் பக்கம் ஓடுவார். வேலை நடுவில் பைப்பைப் பாதியில் தொங்கவிட்டு ஓடியதும் உண்டு. ஆட்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன், ஏன் மறைக்க வேண்டும்.

மோட்டாரைப் பார்ப்பது போலவே வயிற்றையும் பார்த்தார் அவர். ஒரு மாதம் பருப்பை நிறுத்தினார். அது இல்லை. புளியை நிறுத்தினார். அதுவும் இல்லை. பாலை நிறுத்தி, திரும்பச் சேர்த்தார். சோறு எந்தத் தொந்தரவும் செய்யவில்லை. பரோட்டா, ரவை உப்புமா, கேசரி, பன், சேமியாப் பாயசம், இவையெல்லாம் வந்தால் வயிறு போய்விடும் என்று கண்டுபிடித்தார். ஆனால் சாம்பார் மட்டும் புரியவில்லை. ஒரு வீட்டுச் சாம்பார் ஒன்றும் செய்யாது, இன்னொரு வீட்டுச் சாம்பார் படுக்க வைத்துவிடும். ஆறேழு மாதம் இதே நினைப்பாக இருந்தார்.

ஒருநாள் என் ஆபீஸுக்கு ஒரு பெருங்காய டப்பாவோடு வந்தார். "தம்பி, இந்தப் பொடி எழுத்தைக் கொஞ்சம் படிங்க."

கண்ணுக்குத் தெரியாத எழுத்து. போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் படித்தேன். கோந்து, கோதுமை மாவு, அப்புறம்தான் பெருங்காயம்.

"கோதுமை மாவா? நல்லாப் பாருங்க."

"கோதுமை மாவுதாண்ணே. அதுதான் நெறயா இருக்கு போல."

அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அவர் முகத்தில் அதற்கு முன் பார்த்ததில்லை. மேஜையில் ஒரு தட்டு தட்டினார். "மாட்டுச்சு பாருங்க! எல்லாம் ஒரே லைன்ல கெடக்கு. ரவை, மைதா, சேமியா, இந்தா இந்தப் பொடி. கட்டிப் பெருங்காயம் போடுற வீட்டுல எனக்கு ஒண்ணும் பண்ணல. பொடி போடுற வீட்டுலதான் பண்ணுது."

நான் என்ன செய்தேன்? சிரித்தேன். "அண்ணே, சுகருக்கு டாக்டரே சப்பாத்தி சாப்பிடுன்னு எழுதிக் குடுக்குறாரு. ஊருக்கே மருந்தா இருக்கறது ஒங்களுக்கு மட்டும் விஷமா?"

அவர் வீட்டில் அதற்கு மேல். "வயிறு உப்புன புள்ளைக்குத் தொப்புளச் சுத்திப் பெருங்காயத்தைத்தான் தடவுறோம். இவுகளுக்கு அதுதான் ஆகலயாம்!" என்று அவர் வீட்டுக்காரம்மா, எனக்கு அண்ணி, என்னிடமே வந்து முறையிட்டார். உள்ளூர் டாக்டர் கேஸ் மாத்திரை எழுதினார். கோதுமையைப் பற்றி இவர் கேட்டதற்கு, "அதெல்லாம் வடக்க உள்ளவங்களுக்கு வர்றதுங்க. நீங்க நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்றாராம்.

அதன் பிறகு அவர் போகிற வீட்டிலெல்லாம் சோற்றில் கை வைப்பதற்கு முன்னால், "பொடிப் பெருங்காயமா, கட்டியாங்க?" என்று கேட்க ஆரம்பித்தார். நினைத்துப் பாருங்கள். வெயிலில் அடுப்படியில் நின்று பத்துப் பேருக்குச் சமைத்த பெண்மணியிடம் வந்து ஒரு மெக்கானிக் இப்படிக் கேட்டால்? "ஆமா, விஷத்தைக் கலந்து வச்சிருக்கேன்" என்று ஒரு அம்மா கரண்டியை எறிந்ததாகக் கேள்வி. நார்த்தாமலைப் பக்கம் ஒருவர் தோட்டத்தில் இவர் கேசரியைத் தள்ளிவிட்டு வந்தார். பாறை பூமி, இரண்டு மாதத்தில் போர் வற்றிவிட்டது. தண்ணீர் வந்த இடத்தில் இனிப்பை ஒதுக்கினான், பிறகு எப்படி நிற்கும் என்று அந்த ஆள் சந்தைக்குச் சந்தை சொல்லிக்கொண்டு திரிந்தார். அங்கிட்டு இருந்து வேலைக்குக் கூப்பிடுவது நின்றுபோனது. இவர் தானாகவே போய்க் கயிறு விட்டு ஆழம் அளந்து, தண்ணீர் எவ்வளவு இறங்கிவிட்டது என்று காட்டியிருக்கிறார். அந்த வீட்டம்மா கேட்ட கேள்வியை என்னிடம் வந்து சொன்னார்.

"எங்க வீட்டுல கை நனைக்கக்கூடாதுன்னு ஒங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்ததுன்னு கேக்குறாங்க தம்பி. நான் அப்புடிப்பட்ட ஆளா?"

அந்தம்மா எதை மனதில் வைத்துக் கேட்டார் என்பது நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சாதி பார்க்கிறான் என்ற பேர் ஒட்டிக்கொண்டால் துடைத்தாலும் போகாது. இத்தனைக்கும் எல்லார் வீட்டுத் தின்பண்டத்தையும் ஆசையாகப் பார்க்கிற மனிதர் அவர்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். பெண் கல்யாணம் வந்தபோதுதான் இடிந்துபோனார்.

ஒரே மகள். ஜாதகம் பொருந்தி, மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் போனார்கள். எங்கள் பக்கத்தில் சம்மதம் என்றால்தான் அந்த வீட்டில் கை நனைப்பது. பிடிக்கவில்லை என்றால் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம், வாயைத் திறந்து எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அங்கே கேசரியும் உப்புமாவும் வைத்திருக்கிறார்கள். எல்லாரும் சாப்பிட்டிருக்கிறார்கள். பெண்ணைப் பெற்றவர் மட்டும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "எனக்கு வயிறு சரியில்லைங்க, சம்மதந்தான்" என்றிருக்கிறார். யார் நம்புவார்கள்? மறுநாளே ஆள் விட்டுச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்பனுக்கு மனசில்லாத வீட்டுப் பெண் வேண்டாம்.

அந்தப் பெண் ஒரு வாரம் அப்பாவிடம் பேசவில்லையாம். அண்ணி பேசினார், பேசாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்கிற மாதிரி பேசினார்.

அப்புறம்தான் அவருக்குக் காகிதம் வேண்டும் என்று தோன்றியது. "தம்பி, எனக்குத் தெரிஞ்சு என்ன பண்றது? எழுத்துல இருந்தா அடுத்து வர்ற சம்பந்தி வீட்டுல காட்டிப்புடலாம்ல?" போனில் ஒரு விளம்பரம் பார்த்திருந்தார். விரலில் குத்தி ரத்தத்தை ஒரு அட்டையில் தடவிக் கூரியரில் அனுப்பினால், எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று பட்டியல் அனுப்புவார்கள். தனியார் லேப். விலை அவருக்கு அதிகம். "நம்ம பாலிசில குடுப்பாங்களா?" என்று கேட்டார்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? ஆஸ்பத்திரியில் படுக்காமல் செய்கிற டெஸ்டுக்குப் பணம் வராது என்பது எனக்கு மனப்பாடம். டாக்டர் சீட்டு இல்லாமல் செய்தால் இன்னும் மோசம். ஆனாலும் சொன்னேன். "செய்ங்கண்ணே, எழுதிப் போட்டு வாங்கிப்புடலாம். நான் எதுக்கு இருக்கேன்?"

ரிப்போர்ட் வந்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பளபளவென்று இருந்தது. சிவப்பில் கோதுமை இருந்தது. கூடவே அரிசி, முட்டை, கத்திரிக்காய், வாழைப்பழம், கடுகு என்று ஒரு பக்கம் முழுக்க. அவருக்கு முகம் விழுந்துவிட்டது. "இது என்ன தம்பி, மோட்டாரைத் தொறந்தே பாக்காம எல்லாத்தையும் மாத்துங்கற மாதிரி இருக்கு? அரிசி எனக்கு ஒண்ணும் பண்ணலயே" என்றார். அந்த லேப் காகிதத்தில் இருந்த ஓட்டையை இங்கிலீஷ் தெரியாத அவர்தான் முதலில் கண்டுபிடித்தார். கம்பெனி டாக்டர்கள் பிறகு அதைத்தான் எழுதினார்கள்.

ஆறு வாரம் கழித்துக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. பணம் கிடையாது. நான் அதை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணி இருந்தார். அண்ணியின் தம்பி வந்திருந்தார். அந்த மச்சினர் பார்வையே, ஏமாற்றிப் பாலிசி விற்றவன் இவன்தானா என்கிற மாதிரி இருந்தது. மகள் கதவோரம் நின்றாள்.

கடிதம் மூன்று பாரா. முதல் பாராவில், ஆஸ்பத்திரியில் சேராமல், டாக்டர் எழுதிக்கொடுக்காமல் தாமாகச் செய்துகொண்ட பரிசோதனைக்குப் பாலிசியில் இடமில்லை என்று இருந்தது. இரண்டாவதில், இந்த மாதிரியான டெஸ்டை வைத்து ஒரு நோய் இருப்பதாக மருத்துவத்தில் ஏற்றுக்கொள்வதில்லை என்று இருந்தது. மூன்றாவது பாரா இதுதான்: இதனால் உங்களுக்கு உபாதை இல்லை என்று நாங்கள் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், குடல் நோய் நிபுணரைப் பாருங்கள், அவர் ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பரிசோதிக்கச் சொன்னால் பாலிசியின்படி அந்தச் செலவு பரிசீலிக்கப்படும்.

முதல் பாராவைப் படித்தால் என் பொய் வெளியே வந்துவிடும். நான்தானே வாங்கித் தருகிறேன் என்று சொன்னவன்? அதனால் இரண்டாவது பாராவுக்கு நேராகப் போனேன். மூன்றாவதுக்குப் போகவே இல்லை. தாளை மடித்தேன்.

"அதாவதுண்ணே, ஒங்களுக்கு ஒண்ணும் இல்லைங்கிறாங்க. அதான் தரலை."

சொல்லி முடித்ததும் எனக்கே நிம்மதியாக இருந்தது. எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது வார்த்தை!

அவர் கேட்டார்: "டாக்டருங்க பாத்துத்தான் எழுதியிருப்பாங்களா?"

"பின்னே? கம்பெனில பெரிய பெரிய டாக்டருங்க இருக்காங்கண்ணே."

மச்சினர் தொடையைத் தட்டினார். "நாந்தான் சொன்னேன்ல மச்சான்? எல்லாம் மனசுதான். கம்பெனிக்காரனே எழுதிட்டான்." அண்ணி சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். மகள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, அதை நான் பார்த்தேன். அவர் மட்டும் என் கையில் இருந்த மடித்த தாளைப் பார்த்தார். "அது சொல்லட்டும்" என்பார் என்று உள்ளுக்குள் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். தாளைக் கொடுங்கள், ஒவ்வொரு வரியாகப் படியுங்கள் என்று கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன்.

"அப்ப நாந்தான் தப்பாப் புடிச்சிருக்கேன் போல" என்றார்.

யார் சொன்னாலும் நம்பாத மனிதர். என் ஒருவன் வாயை நம்பினார். இதை எழுதும்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அதற்குப் பிறகு அவர் எல்லாம் சாப்பிட்டார். வயிறு போனால் வெந்தயத்தை விழுங்கிவிட்டு வேலைக்குப் போனார். மூன்று மாதத்தில் மகளுக்கு வேறொரு இடம் வந்தது. அந்த வீட்டில் முதல் ஆளாக இலையில் உட்கார்ந்து கேசரியை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார் என்று அண்ணி சொல்லிச் சொல்லிப் பூரித்தார். கல்யாணத்தில் நானும் சாப்பிட்டேன். வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். சட்டை கழுத்துப் பக்கம் தொளதொளவென்று இருந்தது. "எளைச்சுட்டீங்களேண்ணே" என்றேன். "கல்யாண அலைச்சல் தம்பி" என்றார். நானும் அதையே நம்பிக்கொண்டேன், அதுதான் எனக்கு வசதியாக இருந்தது.

இரண்டு வருடம் போயிற்று. பைப் தூக்கும்போது கண் இருட்டுகிறது என்றார். ரத்தம் இல்லை என்று ஊசி போட்டார்கள். ஒருநாள் தோட்டத்தில் விழுந்து, திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு பெண் டாக்டர் குழாய் விட்டுக் குடலைப் பார்த்து, சதை எடுத்துப் பரிசோதித்து, ஐந்தாம் நாள் என்னை வராந்தாவில் நிறுத்திக் கேட்டார்: "இவர் முன்னாடியே கோதுமையை நிறுத்திட்டுத்தான் இருந்தாராமே? யார் திரும்பச் சாப்பிடச் சொன்னது?" நான் கையில் இருந்த பில்களை அடுக்கினேன். "அப்படியே விட்டிருந்தா குடல் இந்த அளவுக்குப் போயிருக்காதுன்னு நெனைக்கிறேன். இப்ப உள்ள கட்டி மாதிரி ஒண்ணு இருக்கு. பாக்கலாம்" என்றார்.

இந்தத் தடவை கம்பெனி மூச்சு விடாமல் முழுப் பில்லையும் ஒத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார் அல்லவா.

அந்தப் பில்லுக்கு அவர் கையெழுத்து வாங்கத் தாள்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். இன்று சொல்லிவிட வேண்டும் என்று கடவுள் சத்தியமாக நினைத்துக்கொண்டுதான் போனேன். கட்டிலில் ஒரு மனிதர் படுத்த மேடு கூடத் தெரியவில்லை. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. ஊசி போட வந்த நர்ஸிடம், "இவருதாம்மா எங்க ஏஜென்ட் தம்பி. இங்கிலீஷ்ல எது வந்தாலும் எனக்கு இவருதான் படிச்சுச் சொல்லுவாரு" என்றார்.

நர்ஸ் போனதும் மெதுவாகச் சொன்னார்: "கோதுமைதானாம் தம்பி. நான் மொதல்ல புடிச்சது சரிதான்." அந்த நிலையிலும் அதில் ஒரு சந்தோஷம் அவருக்கு. "அந்தக் கம்பெனி டாக்டருங்கதான் தப்பா எழுதிட்டாங்க. விடுங்க, அவங்களும் மனுசங்கதானே."

"அண்ணே..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க ஒண்ணும் வருத்தப்படாதீங்க. அன்னைக்கு நீங்க வந்து தைரியமாச் சொல்லலைன்னா நான் சம்பந்தி வீட்டுல கை நனைச்சிருக்க மாட்டேன். எம்மக கல்யாணம் நடந்திருக்காது. ரெண்டு வருசம் ஊருல ஒரு வீடு விடாம ஒக்காந்து சாப்பிட்டேன். ஒருத்தரும் என்னைய ஒரு சொல்லு சொல்லல. அது ஒங்களாலதான்."

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். தாள்களை நீட்டினேன். சொல்லி அவரிடமிருந்து அந்த இரண்டு வருடத்தையும் பிடுங்குவானேன் என்று இப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். பொய். எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

அவர் என் பேனாவை வாங்கிக்கொண்டார். தலையணையில் முழங்கையை முட்டுக் கொடுத்து எழும்பினார்.

"எங்க போடணும் தம்பி?" என்று மட்டும் கேட்டார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. நான் இடத்தைக் காட்டினேன்.